பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவ மாணவர்கள்: வீட்டுக்கு அனுப்புவதா, சுகாதாரப் பணிமனைக்கு அனுப்புவதா?

2020 மார்ச் மாத நடுப்பகுதியில் எமது நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, மருத்துவ பீட மாணவர்களும் ஏனைய மாணவர்களைப் போலவே விடுதிகளைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு இரண்டு வருட காலம் பீடங்கள் திறப்பதும் மூடுவதுமாகவே கழிந்தது. விரிவுரைகள் சூம் வழியாக நடந்தன. வாட் பயிற்சிகள் தள்ளிப்போயின. பரீட்சைகளும் தள்ளிப்போயின. வைத்தியர்களும் சுகாதார ஊழியர்களும் தூக்கமின்றி உழைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், வைத்தியராவதற்குப் பாதி வழிக்கு மேல் கடந்துவிட்ட இளைஞர்கள் வீட்டில் கைபேசியுடன் அமர்ந்திருந்தார்கள்.

அவர்களை வாட்களிலிருந்து விலக்கியது பிழை என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு அங்கிகளும் முகக்கவசங்களும் அப்போது கடமையில் இருந்தவர்களுக்கே போதாமல் இருந்தன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமும் 2020 மார்ச் 17ஆம் திகதி, மாணவர்கள் நோயாளிகளுடன் நேரடியாகப் பழகும் பயிற்சிகளைத் தற்காலிகமாக நிறுத்தும்படியே ஆலோசனை வழங்கியது. என்னுடைய கேள்வி வேறு. வாட்டுக்குப் போக முடியாது என்பதற்காக, ஒரு கொள்ளைநோயின்போது மருத்துவ மாணவரால் செய்யக்கூடிய வேலை வேறெதுவுமே இல்லையா?

நான் சமூக மருத்துவத் துறையைச் சேர்ந்தவன். கொவிட் காலத்தில், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பிரதேசமொன்றின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கடமையாற்றினேன். அந்த அனுபவத்தை வைத்தே இதனை எழுதுகிறேன். இது மருத்துவ பீடங்களுக்கு மட்டும் உரிய விடயமல்ல. மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு.

பொதுச் சுகாதாரப் பயிற்சி என்பது என்ன?

மருத்துவப் படிப்பு ஐந்து வருடங்கள். அதில் மாணவர் அதிகம் விரும்புவது வாட்டில் கழிக்கும் காலத்தைத்தான். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவதுதான் வைத்தியராவதன் அடையாளம் என்று அவரும் நினைக்கிறார், அவருடைய உம்மாவும் வாப்பாவும் நினைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பீடத்திலும் சமூக மருத்துவம் என்றொரு பாடம் உண்டு. அதன் ஓர் அங்கமாக மாணவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், நாம் பேச்சுவழக்கில் எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்லும் இடத்தில், சில வாரங்கள் பயிற்சி பெறுகிறார்கள்.

இந்தப் பணிமனை முறை எமது நாட்டின் பெரும் சொத்துக்களில் ஒன்று. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் சுமார் 350 பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுகாதார வைத்திய அதிகாரி ஒருவர், அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீடு வீடாக வரும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர்கள். எமது ஊர்ப் பெண்கள் ‘மிட்வைஃப் மிஸ்’ என்று உரிமையோடு அழைப்பது இந்த உத்தியோகத்தரைத்தான். கர்ப்பிணித் தாயின் பதிவு, குழந்தையின் நிறை, தடுப்பூசி, ஹோட்டல் சமையலறையின் சுத்தம், டெங்கு நுளம்பு பெருகும் தண்ணீர்த் தொட்டி, பாடசாலை மருத்துவப் பரிசோதனை என்று நோய் வருமுன் நடக்கும் வேலை அனைத்தும் இவர்களுடையது.

மாணவர்களோ இந்தச் சில வாரங்களைப் பெரும்பாலும் ஓய்வுக் காலமாகவே பார்க்கிறார்கள். கிளினிக்குக்கு வருவார்கள், நிறை பார்ப்பார்கள், கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சாதாரண காலத்தில் இதன் பெறுமதி கண்ணுக்குத் தெரிவதில்லை. கொள்ளைநோய் வந்தால்தான், வைத்தியசாலைக் கதவுக்கு வெளியே எவ்வளவு வேலை இருக்கிறது என்பது விளங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு

கொவிட் தொற்றாளர் ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டால், நோய் அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பிருந்து அவர் யாருடன் நெருங்கிப் பழகினார் என்று தேட வேண்டும். அவர்களைத் தனிமைப்படுத்த வேண்டும். ஆரம்ப காலத்தில் 14 நாட்களுக்கு அவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, மூச்சுத் திணறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் விசாரிக்க வேண்டியிருந்தது. இதுதான் தொடர்பாளர்களைத் தேடுதல் எனப்படும் பணி.

உதாரணத்துக்கு ஒரு பிரிவில் 20 தொற்றாளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 10 தொடர்பாளர்கள் என்றால் 200 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வீதம் 14 நாட்களில் 2,800 அழைப்புகள். ஓர் அழைப்புக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 233 மணித்தியாலங்கள். இரண்டு உத்தியோகத்தர்கள் வேறெந்த வேலையும் செய்யாமல் இரண்டு வாரங்கள் தொலைபேசியிலேயே இருந்தாலும் இது முடியாது. அதே இரண்டு வாரங்களில்தான் பீசீஆர் பரிசோதனைக்கு ஆட்களை அழைக்க வேண்டும், தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு அறிவித்தல் ஒட்ட வேண்டும், உலருணவு போய்ச் சேர்ந்ததா என்று பிரதேச செயலகத்துடன் பேச வேண்டும், வழமையான தடுப்பூசி கிளினிக்கும் நடக்க வேண்டும்.

2020 ஒக்டோபர் ஆரம்பத்தில் நாட்டின் மொத்தத் தொற்றாளர் எண்ணிக்கை சுமார் 3,400. அந்த வருட முடிவில் அது 43,000ஐத் தாண்டியது. மூன்றே மாதங்களில் பன்னிரண்டு மடங்குக்கு மேல். உத்தியோகத்தர்களின் எண்ணிக்கையோ அப்படியேதான் இருந்தது.

இப்போது அந்த 200 பேரையும் பத்து மருத்துவ மாணவர்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 அழைப்புகள். இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவான வேலை. அதனை அவர் தன் வீட்டிலிருந்தே செய்யலாம். அங்கியும் தேவையில்லை, தொற்றும் ஆபத்தும் இல்லை. மூச்சுத் திணறல் என்று யாராவது சொன்னால் அது எவ்வளவு அவசரமானது என்று அவருக்குத் தெரியும். நான்காம் வருட மாணவருக்கும் சாதாரண தொண்டருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மொழி ஒரு மருந்து

எமது பிரதேசத்தில் நான் கண்ட பெரிய தடை மொழி. இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும். மறுமுனையில் சிங்களத்தில் ஒருவர் அவசரமாகப் பேசுவார்: உங்களுக்குப் பொசிடிவ், பஸ் வரும், உடுப்புப் பையுடன் தயாராக இருங்கள். அந்த உத்தியோகத்தர் கெட்டவரல்ல. அன்று அவர் எடுக்கும் நாற்பதாவது அழைப்பாக அது இருக்கலாம். ஆனால் அரைகுறையாக விளங்கிக்கொண்ட அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு கைது போலத் தோன்றும். எங்கே கொண்டு போகிறார்கள், சாப்பாடு ஹலாலா, படுக்கையில் கிடக்கும் உம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு விடை கிடைப்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அடுத்த முறை அந்த இலக்கத்தைக் கண்டால் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் எமது ஊரைச் சேர்ந்த மருத்துவ மாணவர்கள் இருவர், ஒருவர் ஆண், ஒருவர் பெண், உதவ விரும்புவதாகப் பணிமனைக்குத் தெரிவித்தார்கள். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை அவர்களிடம் கொடுக்க முடியாது. அதற்கான அதிகாரபூர்வ ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. ஆகவே மக்கள் தாங்களாகவே அழைத்து விளக்கம் கேட்கும் ஓர் இலக்கம் மட்டும் அவர்களின் பொறுப்பில் விடப்பட்டது. தெரியாததை வைத்தியரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும், மருந்து எதுவும் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. சில நாட்களில் அந்த இலக்கத்துக்கு அதிகமாக வந்தது பெண்களின் அழைப்புகள். கணவனுக்கு முன்னால் கேட்கத் தயங்கிய கேள்விகளை, கர்ப்பகாலம், பாலூட்டல், மாதவிடாய் பற்றியவற்றை, அந்த மாணவியிடம் கேட்டார்கள். கிளினிக்குக்கு வருவதை நிறுத்தியிருந்த கர்ப்பிணிகள் சிலர் மீண்டும் வந்தார்கள்.

இதனை ஒழுங்கான ஒரு பயிற்சியாக மாற்றித் தரும்படி சம்பந்தப்பட்ட உயர் கல்வித் தரப்பு ஒன்றுக்குக் கடிதம் அனுப்பினோம். பதில் வரவில்லை. பீடங்கள் மீளத் திறந்ததும் அந்த மாணவர்கள் இருவரும் போய்விட்டார்கள். அவர்கள் செய்தது எந்தப் பதிவிலும் இல்லை.

மாணவரால் பதில் சொல்ல முடியாத கேள்வி

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எமது மக்களின் அச்சத்துக்கு மொழி மட்டும் காரணமல்ல. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட்டினால் மரணிப்பவர்களின் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்ய வேண்டும் என்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்த நிலையிலேயே இது நடந்தது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டு, மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்படும் வரை பத்து மாதங்களுக்கு மேல் எமது சமூகம் பட்ட வேதனை எல்லோருக்கும் தெரியும். அங்கு அடக்கப்பட்டோர் 3,600க்கும் அதிகம். 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது.

ஒரு பொதுச் சுகாதாரப் பணியாளராக அந்தப் பத்து மாதங்களில் நான் கண்டது இதுதான்: மக்கள் நோய்க்குப் பயந்ததை விட வைத்தியசாலைக்குப் பயந்தார்கள். வாப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் கொண்டுபோய் மௌத்தாகிவிட்டால் எரித்துவிடுவார்களே என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அந்த மாணவரிடமும் இதே கேள்வி வந்தது: “தம்பி, கொண்டு போனா ஜனாஸாவைத் தருவாங்களா?” அவரிடம் பதில் இருக்கவில்லை. என்னிடமும் இருக்கவில்லை.

ஆகவே மாணவர்களைக் களத்தில் இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. நியாயமற்ற ஒரு கட்டளையை இனிமையான தமிழில் விளக்கிச் சொல்வதற்காக எமது பிள்ளைகளை அனுப்பக் கூடாது. அப்படிச் செய்தால் மக்கள் அவர்களையும் நம்பமாட்டார்கள். ஆனால் களத்தில் இருக்கும் மாணவர் ஒரு வேலையைச் செய்ய முடியும். மக்கள் ஏன் பரிசோதனைக்கு வரவில்லை என்பதை வாரம் தோறும் எழுதி மேலே அனுப்ப முடியும். ‘ஒத்துழைக்காதவர்கள்’ என்று கோப்பில் ஒற்றைச் சொல்லில் முடிந்துபோன குடும்பங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் கோப்பில் ஏறியிருக்க வேண்டும். சமூக மருத்துவத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது: நோயின் சமூகக் காரணிகளை அறிதல். பரீட்சைக்கு மனனம் செய்யும் அந்தப் பாடம் அன்று எமது வீதிகளில் நடந்துகொண்டிருந்தது.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

கொள்ளைநோயில் மருத்துவ மாணவர்களைப் பயன்படுத்துவது புதிய விடயமல்ல. 1918ஆம் ஆண்டு இன்ஃப்ளுவென்சா அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைத் தாக்கியபோது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் இன்ஃப்ளுவென்சா பற்றிய ஒரேயொரு விரிவுரையுடன் தற்காலிக வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது, சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்குச் சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் கையாலேயே காற்றூட்டினார்கள். அதனால் பலர் உயிர் பிழைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாட்டின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தச் சம்பவம் கருதப்படுகிறது.

கொவிட் காலத்தில் மாணவர்களைப் பொதுச் சுகாதாரப் பக்கம் திருப்பிய நாடுகளும் உண்டு. ஜெர்மனியின் ரொபர்ட் கொக் நிறுவனம் மருத்துவ மாணவர்கள் உள்ளிட்ட பலரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, உள்ளூர்ச் சுகாதார அலுவலகங்களில் தொடர்பாளர்களைத் தேடும் பணியில் ஈடுபடுத்தியது. சான் பிரான்சிஸ்கோவில் நகரச் சுகாதாரத் திணைக்களமும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய அதே வகைப் பணியில் மருத்துவ மாணவர்களும் பங்கேற்றார்கள். இந்தியா 2021 மே மாதம், இறுதி வருட மாணவர்களை விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் தொலைபேசி ஆலோசனைக்கும் இலேசான நோயாளிகளைக் கண்காணிப்பதற்கும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. கொவிட் பணியில் 100 நாட்களை நிறைவு செய்வோருக்கு அரச நியமனங்களில் முன்னுரிமை வழங்கப்படும் என்றும் சொன்னது.

எமது நாட்டிலும் இதற்கு வாய்ப்புகள் வந்தன. 2021 ஜனவரி 29ஆம் திகதி தடுப்பூசி ஏற்றும் பணி ஆரம்பமானது. ஊசி ஏற்றுவதற்குத் தாதியர் வேண்டும். ஆனால் பதிவு செய்தல், ஒவ்வாமை பற்றிக் கேட்டல், ஊசிக்குப் பின் கொஞ்ச நேரம் அமர்த்திக் கவனித்தல், பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்பது போன்ற வதந்திகளுக்குப் பதில் சொல்லுதல் ஆகியவற்றுக்கு மாணவர்கள் தாராளமாகப் போதும். அதே வருடம் நடுப்பகுதியில் இலேசான நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் கண்காணிக்கும் முறை வந்தது. டெல்டா பரவி, ஆகஸ்ட் இறுதியில் நாளொன்றுக்கு 200க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவானபோது, வீட்டில் இருந்தவரின் ஒட்சிசன் அளவை நாள்தோறும் கேட்டறிவது உயிர்காக்கும் வேலையாக இருந்தது.

எந்த நிபந்தனைகளுடன்?

மருத்துவ மாணவர் வைத்தியரல்ல. பதிவு இல்லாதவர். அவரைக் கூலியில்லாத உத்தியோகத்தராகப் பயன்படுத்தும் ஆசை நிர்வாகங்களுக்கு இலகுவில் வரும். ‘இலவசக் கல்வியில் படிப்பவர்கள்தானே’ என்ற பேச்சும் கூடவே வரும். நாட்டுக்குக் கடன்பட்டவர் என்பதற்காக ஒருவரைப் பாதுகாப்பில்லாமல் ஆபத்தில் தள்ள முடியாது. எனவே சில விடயங்கள் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

முதலாவது, இது விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும். வீட்டில் வயோதிபர்களோ நோயாளிகளோ உள்ள மாணவருக்கு, தொலைபேசி வேலை மட்டும் கொடுக்கலாம்.

இரண்டாவது, பணிக்கு முன் குறைந்தது சில நாட்கள் பயிற்சி வேண்டும். நோய் பற்றி மட்டுமல்ல. பயந்திருக்கும் ஒருவரிடம் எப்படிப் பேசுவது, நோயாளியின் விபரத்தை எப்படிக் காப்பது என்பது பற்றியும். ஊரில் யாருக்குப் பொசிடிவ் என்ற செய்தி வட்ஸ்அப் குழுமங்களில் எப்படிப் பறந்தது என்பதை நாம் மறக்கவில்லை.

மூன்றாவது, ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் என்றால் தானாக முடிவெடுக்காமல் உடனே வைத்தியருக்கோ 1990 அம்பியூலன்ஸ் சேவைக்கோ அறிவிக்கும் ஒழுங்கு வேண்டும்.

நான்காவது, நேரடியாகக் களத்துக்குப் போவோருக்குப் பாதுகாப்பு உபகரணம், தடுப்பூசியில் முன்னுரிமை, நோய்வாய்ப்பட்டால் காப்புறுதி, போக்குவரத்துச் செலவு.

ஐந்தாவது, செய்த வேலை சமூக மருத்துவப் பயிற்சியின் ஒரு பகுதியாகப் பதியப்பட்டு மதிப்பிடப்பட வேண்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மருந்து எழுதக் கூடாது. மரணச் சான்றிதழுடன் அவருக்குத் தொடர்பு இருக்கக் கூடாது. பொலிஸாருடனோ படையினருடனோ வீடுகளுக்குப் போகவே கூடாது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தை அமுல்படுத்துவது உத்தியோகத்தரின் கடமை. மாணவரிடம் மக்கள் மனம் திறப்பது, அவர் கையில் அந்த அதிகாரம் இல்லாததால்தான்.

நாம் செய்யக்கூடியது

இதற்காக இன்னொரு பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2017இல் எமது நாட்டில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதே நோய் திரும்பி வருகிறது. ஒரு பீடம், இரண்டு மூன்று சுகாதாரப் பிரிவுகள், முப்பது மாணவர்கள் என்ற அளவில் டெங்குக் காலமொன்றில் இந்த ஏற்பாட்டைப் பரீட்சித்துப் பார்க்கலாம். எங்கே பிழைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை எம்.ஓ.எச். ஒபிஸில் பயிற்சி பெறுவதைக் குறைவாகப் பேசாதீர்கள். இந்த நாட்டில் போலியோவையும் மலேரியாவையும் ஒழித்தது பெரும்பாலும் வெளிக்கள வேலைதான். அம்வாஸ் கொள்ளைநோயின்போது உமர் (ரழி) அவர்கள் ஷாமுக்குள் நுழையாமல் திரும்பிய வரலாற்றை ஜும்ஆக்களில் பல முறை கேட்டிருக்கிறோம். நோய் பரவாமல் தடுப்பதும் வைத்தியம் என்பதை எமக்குப் புதிதாக யாரும் சொல்லத் தேவையில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மஹல்லாவில் மருத்துவமும் தாதியமும் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு, அவர்களின் சம்மதத்துடன் ஒரு பட்டியலை இப்போதே தயாரித்து வையுங்கள். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தித்து, தேவையேற்பட்டால் தமிழில் பேசக்கூடிய இத்தனை பேர் எம்மிடம் இருக்கிறார்கள் என்று எழுத்தில் கொடுங்கள். நீங்கள் கேட்டால் பதில் தாமதமாகலாம். கேட்காவிட்டால் அடுத்த முறையும் இரவு ஒன்பது மணிக்கு, விளங்காத மொழியில்தான் அந்த அழைப்பு வரும்.